ஓடாத தறியின் சத்தம்

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்று கேட்டார் பேராசிரியர் தனகோடி. கேட்டாரே தவிர, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்திவிட்டார்.

முதலில் தறிச் சத்தம். டடக்... டடக்... டடக். அதன் மேல், வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல ஓர் ஆண் குரல்.

"தனகோடி! வாசப்படியை ஒசத்தி என் வாயை அடைச்சே. விசாரணையில தப்பிச்சாலும் என் கையில தப்ப மாட்டே. உன்னை அறுத்துத் தறிக்குழியில போட்டு மூடிடுவேன்."

மறுபடியும் தறி. நடுவே, எங்கோ தொலைவில், மெல்லியதாக ஒரு 'ணிங்'. பிறகு கேசட் வெறுமனே ஓடியது.

திலகவதி கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலூரில் அவள் துப்பறியும் நிறுவனம் தொடங்கி ஆறு வருடமாகிறது. நிறுவனம் என்றால் ஒரு மேஜை, ஒரு ஸ்கூட்டர், ஒரு கிறிஸ்டோபர்.

அந்தக் கிறிஸ்டோபர் பேராசிரியரின் ஆரணி வீட்டு ஜன்னலோரம் நின்று, சுவரில் மாட்டியிருந்த பொன்னாடைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். சாட்சியச் சட்டப் பரீட்சையில் அவனைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்தவர் எதிரே உட்கார்ந்திருந்த இதே தனகோடிதான்.

"என்னப்பா, இப்பவாவது பாஸ் பண்ணியா?" என்றார் பேராசிரியர்.

"இல்லீங்க சார். நீங்க ரிட்டையர் ஆவீங்கன்னு காத்துகினு இருந்தேன். நீங்க ஆனீங்க, அதுக்குள்ள எனக்கு வயசாயிடிச்சி."

பேராசிரியர் சிரித்தார். அவர் சிரிப்பு முகத்தில் எந்த இடத்தையும் அசைக்கவில்லை.

தனகோடியை அறியாதவர்கள் 1998-ல் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இருக்க முடியாது. ஆரணியில் இதே நெசவாளர் தெருவில் பிறந்து, மெட்ராசில் படித்து, பகலில் குற்றவியல் வக்கீலாகவும் மாலையில் சட்டப் பேராசிரியராகவும் முப்பது வருடங்களுக்கு மேல் கொடிகட்டிப் பறந்தவர். ஊரே காறித் துப்பிய குற்றவாளிகளுக்காக வாதாடினார். பெரும்பாலும் ஜெயித்தார். "குற்றவாளிக்கும் வக்கீல் வேண்டும்" என்று மேடையில் பேசினால் கைதட்டலும் கல்லும் ஒன்றாக வரும். அவர் மாணவர்களில் நீதிபதிகளும் உண்டு, அவர் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுகிறவர்களும் உண்டு.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வழக்கு ஆரணியிலேயே நடந்தது. சாயப்பட்டறையில் வேலை செய்த ஒரு பெண் கொலை செய்யப்பட்டாள். பட்டறை முதலாளி அவளைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனதைத் தறியில் உட்கார்ந்தபடியே பார்த்ததாகச் சொன்னான் முருகேசன் என்ற நெசவாளி.

இங்கே குழித்தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மேஜைபோல உயரமான இயந்திரம் இல்லை. தரையில் குழி வெட்டி, நெசவாளி விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். நூலும் சேலையும் அவர் மடி மட்டத்தில் இருக்கும். ஆகவே வேலை செய்கிறவரின் கண், நிற்கிற மனிதரின் இடுப்புக்கு மேலே போகாது. அந்த உயரத்திலிருந்து வெளியே என்ன தெரியும் என்பதை வாசற்படிதான் முடிவு செய்கிறது.

தனகோடி இதைப் பிடித்துக்கொண்டார். நீதிபதியை அந்தத் தெருவுக்கே அழைத்து வந்து, முருகேசனின் தறிக்குழியில் உட்கார வைத்தார். நீதிபதி பார்த்தார். தெரிந்தது வாசற்படி மட்டும்தான். படிக்கு அப்பால் பள்ளமான தெருவில் போன வக்கீல்களின் தலைகூடச் சரியாகத் தெரியவில்லை. முதலாளி விடுதலையானார். முருகேசனுக்கு அன்றிலிருந்து ஊரில் 'குழிக்கண்ணன்' என்று பட்டப்பேர். அந்தக் குறுக்கு விசாரணை சட்டக் கல்லூரியில் பாடமாகிவிட்டது. தறிச் சத்தத்தை ஒலிநாடாவில் போட்டுக் காட்டித்தான் தனகோடி அந்தப் பாடத்தையே ஆரம்பிப்பார்.

"படியை முந்தின நாளே ஒரு வரிசை செங்கல் வச்சு ஒசத்திட்டாங்க" என்று முருகேசன் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் சிரித்தார்கள். இப்போது சிரிக்க முடியாதபடி ஒன்று நடந்துவிட்டது. படியைக் கட்டிய கொத்தனார் சுப்பன், "ஆமா, நான்தான் கட்டினேன், தனகோடி ஐயாதான் கட்டச் சொன்னாரு" என்று வாய் திறந்துவிட்டான். வக்கீல்கள் மேல் வருகிற புகாரை விசாரிக்கிற குழு திங்கட்கிழமை சென்னையில் கூடுகிறது. சுப்பனை அழைத்துக்கொண்டு முருகேசன் போவதாக ஏற்பாடு.

இந்த நிலையில்தான் தனகோடிக்கு இந்தக் கேசட் வந்தது. முருகேசன் லாக்கப்புக்குப் போனான். கொலை மிரட்டல் வழக்கு நிலைத்தால் அவன் சொல்வது எல்லாம் விரோதியின் சொல்லாகிவிடும். சுப்பன் அவன் இல்லாமல் தனியாகச் சென்னைக்குப் போகத் துணிய மாட்டான்.

"போலீஸ் ஒரு பக்கம் பார்க்கட்டும்" என்றார் பேராசிரியர். "எனக்கு வெளியாள் ஒருத்தர் வேணும். அதான் உங்களைக் கூப்பிட்டேன். முருகேசனைப் பார்த்தீங்களா?"

"நேத்து லாக்கப்புல பார்த்தேன் சார். கேசட்டே தெரியாதுன்னு சத்தியம் பண்றாரு. சுப்பனைக் கேட்டா நான் எப்படிப்பட்டவன்னு சொல்லுவான், சந்தவாசல்ல அவன் பொண்ணு வீட்டுல இருக்கான்னு அழறாரு."

"சுப்பனா?" என்றார் தனகோடி, கண்ணாடியைத் துடைத்தபடி. "அந்த ஆள் எங்கே இருந்தா எனக்கென்ன?"

அடுத்த அறையில் டெலிபோன் மணி அடித்தது. புது மாடல் போன். பழையதுபோலக் கணகணக்காமல் குருவிபோலக் கிறீச்சிட்டது. பேராசிரியர் அசையாமல் பேசிக்கொண்டே இருந்தார். மணி விடாமல் அடித்தது. அவருடைய ஜூனியர் வக்கீல் கிரண் மாடியிலிருந்து ஓடிவந்து எடுத்தான். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, அடித்தொண்டையில், "யாரோ பத்திரிகைக்காரர் சார்" என்றான்.

"இல்லைன்னு சொல்லு" என்றார் பேராசிரியர் உடனே.

திலகவதி அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கேசட்டின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

*

தெருவில் வெயில் காய்ந்தது. இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறி. டடக் டடக் என்று தெருவே ஒரு பெரிய நெஞ்சுபோல அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லட்டா? இந்தாளு நல்லவரு மாதிரி பேசும்போதுதான் எனக்குச் சந்தேகமே வருது" என்றான் கிறிஸ்டோபர்.

"ஃபெயில் போட்டவர்னா எல்லாருக்கும் அப்படித்தான்."

"அதில்ல. கிளாசுல ஒரு நாள் சொன்னாரு. எதிராளி சாட்சியைப் பொய்யன்னு நீயே சொல்லாதே, மூணாவது ஆளைச் சொல்ல வைன்னு. பேஜாரான பாடம். அதை மட்டும் நான் மறக்கல."

திலகவதி நின்றாள். "மூணாவது ஆளா?"

"ஆமா. சம்பந்தமே இல்லாத வெளியாளு."

அவள் முருகேசன் வீட்டுக்குள் நுழைந்தாள்.

முருகேசனின் மனைவி கெங்கம்மாள் தறிக்குழியின் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருந்தாள். தறியில் அரக்குச் சேலை பாதியில் நின்றிருந்தது.

"வாங்கம்மா. அவரு சாப்ட்டாரா?"

"சாப்பிட்டாரு. கெங்கம்மா, இதைக் கொஞ்சம் கேளுங்க. பயப்படாதீங்க." கிறிஸ்டோபர் தன் சின்ன டேப் ரெக்கார்டரைத் தரையில் வைத்து ஓடவிட்டான்.

கெங்கம்மாள் கேட்டாள். அவள் முகம் சுருங்கியது. "தறி சத்தம் எங்களுது மாதிரியேதான் இருக்குதும்மா. நான் என்னன்னு சொல்லுவேன்? ஆனா இந்தக் கொரலு அவரு இல்ல."

"குரலை விடுங்க." திலகவதி குனிந்து, ஒலியைக் கூட்டி, கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டினாள். டடக்... ணிங்... டடக்... டடக்... ணிங்.

"ஐஸ்காரன் மணி" என்றான் கிறிஸ்டோபர்.

"ஐஸ்காரன் விக்கிறதுக்காக அடிப்பான், வேகமா அடிப்பான். இது நிதானமா, விட்டு விட்டு, ஒரே அளவா விழுது. வெண்கலத் தட்டு. சேகண்டி." திலகவதி நிமிர்ந்தாள். "கெங்கம்மா, இந்தத் தெருவுல சமீபத்துல யாராவது தவறிட்டாங்களா?"

"போன ஞாயித்துக்கிழமைம்மா. மூணாவது வீட்டு பூங்காவனம். விடியக்காலம் போச்சு. சாயங்காலம்தான் எடுத்தாங்க."

"சேகண்டி அடிச்சாங்களா?"

"நாள் முழுக்க அடிச்சிகினு இருந்தாங்க. உறவுசனம் வந்தா சங்கு ஊதுவாங்க. மத்தபடி சேகண்டிதான்."

"அன்னைக்கு நீங்க தறி ஓட்டினீங்களா?"

கெங்கம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "தெருவுல பொணத்தை வச்சிகினு யாரும்மா தறி ஓட்டுவாங்க? எடுத்து, தெருவைக் கழுவி விட்டப்பறம்தான் மிதியில கால் வைப்போம்."

கிறிஸ்டோபர் மெதுவாக விசிலடிக்கப் போய், சாவு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

திலகவதி விரலால் தரையைத் தட்டி விளக்கினாள். அவளுக்கு எதையும் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால்தான் திருப்தி.

"பாரு கிறிஸ்டோபர். சேகண்டி கேக்குதுன்னா இது பதிவானது ஞாயித்துக்கிழமை பகல்ல, இந்தத் தெருவுக்குள்ள. ஆனா அந்த நேரம் இந்தத் தெருவுல ஒரு தறியும் ஓடல. அப்போ பின்னால கேக்குற தறி எங்க ஓடுச்சு?"

"ஓடலை. இன்னொரு டேப்புல ஓடுச்சு" என்றான் கிறிஸ்டோபர். உடனே அவன் குரல் மாறியது. "மேடம்! குழித்தறி பாடம்! எல்லா வருஷமும் பசங்களுக்குப் போட்டுக் காட்டுவாரே, அந்தச் சத்தம்!"

"முருகேசன் வீட்டுல பதிவானதுன்னு போலீஸ் நம்பணும். அதுக்குத் தறிச் சத்தம் வேணும். நிஜத் தறி ஓடல. அதனால பழைய சத்தத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, இன்னொரு பக்கம் பேசிப் பதிஞ்சிருக்காங்க."

"ஆனா கிரணும் அந்த வீட்டுலதானே இருக்கான்? அவன் செஞ்சிருக்கலாமே?"

"கிரண் காதுக்கு என்ன குறை? சேகண்டி விழுந்ததைக் கேட்டதும் அழிச்சிட்டு மறுபடி பதிஞ்சிருப்பான். இதை விட்டு வச்சவருக்கு அது கேக்கவே இல்ல." அவள் எழுந்தாள். "வயசானா காது ஒரேயடியா மந்தமாகறதில்ல. முதல்ல போறது மெல்லிசான, கூரான சத்தம். கனத்த சத்தம் கடைசி வரைக்கும் நல்லாக் கேக்கும். அடித்தொண்டையில பேசினது அவருக்குக் கேட்டுச்சு. பக்கத்து ரூம் போன் கேக்கல."

கெங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு வந்துடுவாராம்மா? திங்கக்கிழமை போவணும்மா. அவரு பொய் சொல்லலைன்னு ஒரு தடவையாவது அந்தப் பெரிய மனுசங்க முன்னால சொல்லணும். உங்களை நம்பலாம்னு சுப்பனுக்குக்கூட ஆள் சொல்லி அனுப்பிட்டோம்."

"இன்னைக்கே வருவாரு" என்றாள் திலகவதி.

*

இன்ஸ்பெக்டர் சத்தியராஜ் வர ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். பேராசிரியர் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தும்போதே, "அம்மா, இவரு மேல கை வச்சா என் டிரான்ஸ்பர் ஆர்டரை இவரே டைப் அடிப்பாரு, பாத்துக்கோங்க" என்றார்.

தனகோடி அதே நாற்காலியில் இருந்தார். வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது.

"என்ன, கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"ஒரே ஒரு சந்தேகம் சார். தெளிவாயிட்டா என் அறிக்கையை இன்ஸ்பெக்டர்கிட்டயே கொடுத்துடுவேன்." திலகவதி கேசட்டை ஓடவிட்டாள். ஒலியை முழுக்கக் கூட்டினாள். "இதுல என்னென்ன சத்தம் இருக்குன்னு சொல்லுங்க. உங்களைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்க மாட்டாங்க."

பேராசிரியருக்கு அந்தப் புகழ்ச்சி பிடித்திருந்தது. தலையைச் சாய்த்து, வகுப்பில் நிற்பதுபோல விரல்விட்டு எண்ணினார். "தறி. ஒரு ஆண் குரல். மறுபடி தறி. குரல் தறிக்கு வெகு அருகில். ஆகவே பேசினவன் தறி வீட்டுக்காரன். வேறொன்றும் இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயமாக."

ணிங்... என்றது கேசட். ணிங்.

இன்ஸ்பெக்டர் பேராசிரியரைப் பார்த்தார். பிறகு டேப் ரெக்கார்டரைப் பார்த்தார். "சார்... சேகண்டி கேக்குதே சார்."

தனகோடியின் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய்வந்தன. எத்தனையோ சாட்சிகள் அவர் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார்கள். எதில் மாட்டிக்கொண்டோம் என்று தெரியாமல்.

"போன ஞாயித்துக்கிழமை தெருவுல தறி ஓடலை. நீங்க கவனிச்சீங்களா சார்?" என்றாள் திலகவதி.

"ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எப்படி ஓடும்?"

"உங்க மெட்ராசுல ஞாயிறு லீவு சார்" என்றான் கிறிஸ்டோபர். "இங்க தறிக்கு லீவு அமாவாசைக்குத்தான். நீங்க பொறந்த தெரு சார் இது. தறி நின்னுதுன்னா ஏன் நின்னுதுன்னு எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?"

திலகவதி விஷயத்தை இன்ஸ்பெக்டருக்கு விளக்கினாள். சாவு, சேகண்டி, ஓடாத தறி. சத்தியராஜ் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்போ முருகேசன் வீட்டுல இது பதிவாகவே இல்ல. அவனை உள்ள வச்சிருக்க எனக்குக் காரணமும் இல்ல."

தனகோடி கோபப்படவில்லை. டேப் ரெக்கார்டரை அவரே நிறுத்தினார்.

"நல்ல வேலை, அம்மா. முருகேசன் செய்யவில்லை என்று நிரூபித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சத்தம் என் காதில் விழவில்லை என்பதால் நான் செய்தேன் என்று ஆகாது. ஊரில் காது மந்தமான கிழவர்கள் நிறைய. எந்தக் கோர்ட்டும் இதை ஏற்காது."

"ஏத்துக்க வேணாம் சார். முருகேசன் வெளியில வந்தாப் போதும். மிச்சத்தைத் திங்கட்கிழமை சுப்பன் சொல்லுவாரு."

"சொல்லட்டுமே" என்றார் தனகோடி.

அவ்வளவு லேசாகச் சொன்னார். எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். "காபி சாப்பிடுவீர்கள் இல்லையா? நானேதான் போட வேண்டும். கிரண் காரை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருக்கிறான்."

கிறிஸ்டோபர் ஏதோ நக்கலாகச் சொல்ல வாயெடுத்தான். திலகவதியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

முருகேசனைச் சிக்கவைக்க ஒரு போலீஸ்காரர் போதும். அதற்கு வேலூரிலிருந்து ஒரு துப்பறியும் பெண் எதற்கு? விரோதியிடம் யாரும் சொல்லாத ஒன்றை நல்லவளிடம் சொல்லுவார்கள் என்பதற்காக. முருகேசன் சொன்னான். அவள் காலையில் இந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, நேர்மையாக, அதைத் தன் கட்சிக்காரரிடம் ஒப்பித்தாள். சந்தவாசல். மகள் வீடு.

"இன்ஸ்பெக்டர் சார்!" அவள் வாசலில் இறங்கிக்கொண்டே கத்தினாள். "சந்தவாசலுக்கு ஜீப்பை எடுங்க! ஜல்தி!"

*

ஜீப் கிளம்புவதற்குள் ஸ்கூட்டர் ஊரைத் தாண்டிவிட்டது. கிறிஸ்டோபர் பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மேடம், கிரண் வக்கீல்தானே? சுப்பன் கிழவனை என்ன செஞ்சிடுவான்? காசைக் காட்டுவான், மிரட்டுவான். அவ்ளோதானே?"

அவள் ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கினாள்.

சந்தவாசலில் கொத்தனார் சுப்பனின் மகள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் ஒரு பெண் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். பெயர் ரேணுகாம்பாள் என்றாள். சிரித்த முகம்.

"சுப்பன் இருக்காரா?"

"அப்பாவா? இல்லீங்களே. நீங்க யாரு?"

"திலகவதி. வேலூர்லருந்து வரேன்."

ரேணுகாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்கதானாம்மா அது? வாங்க, உக்காருங்க. முருகேசன் அண்ணன் வீட்டுலருந்து சொல்லி அனுப்பினாங்க, உங்களை நம்பலாம்னு. கார் வந்துச்சும்மா. அப்பாதான் மொதல்ல மாட்டேன்னாரு. அந்த வக்கீல் தம்பிகிட்ட, யாரு அனுப்பினது, யாரு அனுப்பினதுன்னு பத்து தடவை கேட்டாரு."

"அவன் என்ன சொன்னான்?"

"உங்க பேரைத்தாம்மா சொன்னாரு. திலகவதி அம்மா அனுப்பினாங்க, திங்கக்கிழமை வரைக்கும் பத்திரமா வச்சிருக்கச் சொன்னாங்கன்னு. அப்பறம்தான் நானே, போய்ட்டு வாப்பான்னு கார் கதவைத் திறந்து விட்டேன்."

தெருக்கோடியில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. ரேணுகாம்பாள் திலகவதியையும் கிறிஸ்டோபரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நீங்க அனுப்பலீங்களா?"

"கார் எந்தப் பக்கம் போச்சு?" என்றாள் திலகவதி.

அந்தப் பெண் கையைத் தூக்கிக் காட்டினாள். ஆரணி ரோடும் இல்லை, வேலூர் ரோடும் இல்லை. காடும் மலையும் தொடங்குகிற பக்கம்.